ஆயியின் வீடு

குமணன்சாவடிப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதெல்லாம் ஊர்ப் பெயரை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். குமணன், சாவடி. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அடுத்த நிறுத்தமும் ஒரு சாவடிதான், கரையான்சாவடி. இப்போது இரண்டுக்கும் நடுவே மெட்ரோ தூண்கள் நிற்கின்றன. குமணன் என்றதும் தமிழ் படித்தவளுக்குப் புறநானூறு நினைவுக்கு வந்துவிடும். தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் இருந்தவன் குமணன். தன்னைத் தேடி வந்த பெருந்தலைச் சாத்தனாரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், தன் தலையைக் கொண்டுபோய்ப் பொருள் பெற்றுக்கொள்ளச் சொல்லி வாளைக் கொடுத்தவன். வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போது மாணவிகளின் முகம் கனிந்துவிடும். கொடுத்தவன் பெயர் நிற்கும் என்பதைத்தானே இத்தனை நூற்றாண்டுகளாக நாம் கற்பித்துவருகிறோம்.

கொடுத்தது ஒரு பெண்ணாக இருந்தால் அவள் பெயர் எப்படி நிற்கும்? இந்தக் கேள்வி எனக்குப் புதுச்சேரியில்தான் வந்தது. அதைக் கேட்டதும் நான் அல்ல, என் மாணவி ஒருத்தி.

மூன்றாமாண்டு தமிழ் இலக்கிய மாணவிகள் நாற்பது பேரைக் கல்லூரிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு, திண்டிவனம் வழியாக ஒருநாள் சுற்றுலாவாகப் போயிருந்தோம். பாரதி தங்கியிருந்த வீட்டையும் பாரதிதாசன் வாழ்ந்த பெருமாள் கோயில் தெரு வீட்டையும் பார்ப்பதுதான் திட்டம். 1908இலிருந்து 1918 வரை பத்தாண்டுகள் பாரதிக்கு அடைக்கலம் தந்த ஊர் அது. பிரிட்டிஷ் காவலரின் கை நேரடியாக நீள முடியாத பிரெஞ்சு மண். அதைச் சொல்லி முடித்து, மாலையில் கடற்கரைக்கு நடந்தோம்.

பிரெஞ்சு நகரம் என்று சுற்றுலாக்காரர்கள் தேடி வருவது இந்தக் கடலோரத் துண்டைத்தான். ஒரு வாய்க்கால் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. கடலை ஒட்டியது வெள்ளையர் நகரம், அதற்கு மேற்கே தமிழர் நகரம். வெள்ளையர் நகரத்தின் தெருக்களில் துய்மா, சுஃப்ரேன், லபூர்தொனே என்று ஆளுநர்களும் கடற்படைத் தளபதிகளும் இன்னும் பெயர்ப்பலகைகளில் இருக்கிறார்கள். கடற்கரைச் சாலையில் காந்தி சிலை. அதைச் சுற்றி செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்கள். சற்றுத் தள்ளி 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம். டூப்ளேயின் சிலை. மாணவிகள் ஒவ்வொன்றின் முன்னும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

“பொம்பளைங்க சிலையே இல்லையா மேடம்?” என்று ஒருத்தி கேட்டாள். இருக்கிறது, வா என்று தேவதைகளின் அன்னை ஆலயத்துக்கு எதிரே கூட்டிப்போனேன். 1855இல் கட்டிய இளஞ்சிவப்பு நிறக் கோயில் அது. அதன் முன்னால் உள்ள சிறு தோட்டத்தில் ழான் தார்க் நிற்கிறாள், பளிங்கில். 1431இல் ரூவான் நகரத்தில் உயிரோடு எரிக்கப்பட்ட விவசாயி மகள். அவளை எரித்த அதே திருச்சபை 1920இல் அவளைப் புனிதை ஆக்கியது. ஒரு பெண்ணை எரித்துவிட்டு அப்புறம் கும்பிடுவது என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை. நம் ஊர்ச் சிறுதெய்வங்களில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான். மாணவிகள் உடனே புரிந்துகொண்டார்கள்.

இதே ஊரில் இன்னொரு ழானும் இருந்தாள், சிலை இல்லாத ழான். 1706இல் புதுச்சேரியிலேயே பிறந்தவள். அப்பா பிரெஞ்சு மருத்துவர்; அம்மா வழியில் போர்த்துகீசிய, இந்திய இரத்தம். முதல் கணவர் இறந்தபின் 1741இல் டூப்ளேயை மணந்தாள். தமிழ் தெரிந்தவள் என்பதால் கணவனின் அரசியலில் அவளுக்குத் தனிச் செல்வாக்கு இருந்தது. நவாபுகளின் தர்பார்களுக்கு அவள் பெயரில் கடிதங்கள் போயின. ‘ழான் பேகம்’ என்று பெயர் பெற்றாள். அவளைப் பற்றி நமக்கு அதிகம் சொல்பவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இலிருந்து 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு தமிழ் உரைநடையின் பெரிய சொத்து. அதில் ழான் பேராசைக்காரி, லஞ்சம் வாங்குபவள், 1748இல் வேதபுரீசுவரர் கோயிலை இடிக்கச் செய்தவர்களில் ஒருத்தி. கோயில் இடிக்கப்பட்டது உண்மை. அந்தக் காயத்தைப் பிள்ளை எழுதியிருக்கும் பக்கங்களை இன்று படித்தாலும் கை நடுங்கும். ஆனால் துபாஷி பதவிப் போட்டியில் அவள் தனக்கு எதிராக இருந்தாள் என்ற மனக்கசப்போடுதான் பிள்ளை அவளைப் பற்றி எழுதினார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவள் கையால் எழுதிய நாட்குறிப்பு எதுவும் நம்மிடம் இல்லை. பிள்ளையின் மாளிகை இன்றும் புதுச்சேரியின் பார்க்கவேண்டிய இடங்களில் ஒன்று.

ஆக, ஊரில் நாங்கள் பார்த்த ஒரு பெண் புனிதை, மற்றவள் கேடுகெட்டவள். மூன்றாவது ஒருத்தியைப் பார்க்கத்தான் பாரதி பூங்காவுக்குள் நுழைந்தோம்.

பூங்காவைச் சுற்றிலும் அதிகாரம் அமர்ந்திருக்கிறது. ஆளுநர் மாளிகை, சட்டமன்றம் எல்லாம் அங்கேதான். ஒருகாலத்தில் பிரெஞ்சுக்காரர்களின் லூயி கோட்டை இந்தப் பகுதியில்தான் இருந்தது. 1761இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கினார்கள். கோட்டை போன இடத்தில், பூங்காவின் நட்டநடுவில், கிரேக்க ரோமானியப் பாணியில் ஒரு வெள்ளை மண்டபம் நிற்கிறது. அதன் பெயர் ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் முத்திரைச் சின்னமும் அதுவே. அரசுக் கடிதத்தாள்களில், அலுவலகப் பலகைகளில் இருப்பது அந்த மண்டபம். அதாவது, ஓர் அரசு தன் அடையாளமாக வைத்திருப்பது ஒரு தாசியின் பெயர் கொண்ட கட்டடத்தை. இதைச் சொன்னதும் மாணவிகளிடம் ஒரு சலசலப்பு.

கதையைச் சொன்னேன். சொல்பவரைப் பொறுத்து அரசன், அமைச்சன் பெயர்கள் மாறும். பெரும்பாலும் கிருஷ்ணதேவராயர் என்பார்கள். பதினாறாம் நூற்றாண்டு. அரசர் பயணம் வருகிறார். பொழுது சாய்ந்த நேரம். தூரத்தில் விளக்கொளியில் ஒளிரும் அழகான மாளிகை தெரிகிறது. கோயில் என்று நினைத்துக் கைகூப்பி வணங்குகிறார். ஊர்க்காரர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள்: அது கோயில் இல்லை, ஆயி என்ற தாசியின் வீடு. அரசருக்கு அவமானம் பொங்குகிறது. வீட்டை இடிக்கச் சொல்லி ஆணையிடுகிறார். ஆயி அழுது மன்றாடுகிறாள். ஆணை மாறவில்லை. கடைசியாக அவள் ஒன்று மட்டும் கேட்கிறாள்: வீட்டை நானே இடித்துவிடுகிறேன், அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டிக்கொள்ள அனுமதியுங்கள். அனுமதி கிடைக்கிறது. வீடு போய்க் குளம் வருகிறது. முத்தரையர்பாளையத்தில் இருக்கும் அந்த ஆயி குளம்தான், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் புதுச்சேரியின் தாகத்தைத் தீர்த்தது.

இரண்டாம் பாதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடக்கிறது. கடலை ஒட்டிய நகரத்துக்கு நல்ல குடிநீர் பெரும் சிக்கல். மூன்றாம் நெப்போலியன் பிரான்சை ஆண்ட காலத்தில், 1852க்கும் 1870க்கும் இடையில், லமரெஸ் என்ற பொறியாளரின் பொறுப்பில் முத்தரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்கு நீர் கொண்டுவரப்பட்டது. ஊருக்கு மேற்கே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். தண்ணீர் வந்து சேர்ந்ததன் நினைவாக இந்த மண்டபம் எழுந்தது. குளத்தின் கதையைக் கேட்ட பேரரசர் நெகிழ்ந்து, அந்தப் பெண்ணின் பெயரை வைக்கச் சொன்னார் என்று கதை முடிகிறது.

“பெரிய மனசு மேடம் அவங்களுக்கு,” என்றாள் முன்வரிசையில் இருந்தவள்.

பின்னாலிருந்து இன்னொருத்தி கேட்டாள்: “அவங்களா இடிச்சாங்களா மேடம், இல்ல இடிக்க வெச்சாங்களா?”

இத்தனை ஆண்டுகளாக இந்தக் கதையை நானும் ஒரு தியாகக் கதையாகத்தான் சொல்லிவந்திருக்கிறேன். அன்றைக்கு முதன்முறையாக வாய் அடைத்து நின்றேன்.

குமணனோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். குமணனிடம் சாத்தனார் தலையைக் கேட்கவில்லை. கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம் என்ற இடத்தில் நின்று அவன் கொடுத்தான். அதனால் அது கொடை. ஆயியின் வீட்டுக்கு முன் நின்றது அரச ஆணை. கொடுப்பதா வேண்டாமா என்பது அவள் கையில் இல்லை. யார் இடிப்பது, இடித்த இடத்தில் என்ன வருவது என்ற இரண்டு மட்டுமே அவளால் பேச முடிந்தவை. அந்தக் குறுகிய இடத்தில் நின்றுகொண்டு அவள் ஒரு குளத்தை மீட்டாள். அது அவளுடைய அறிவு. ஆனால் கதை அதை அறிவு என்று சொல்வதில்லை, மனசு என்கிறது. தண்டனையை எடுத்து மறைத்துவிட்டுத் தியாகத்தை முன்னால் வைக்கிறது. கதையில் அரசருக்கு எந்தக் கெட்ட பெயரும் இல்லை. ஒரு வீட்டை வணங்கியதற்காக அந்த வீட்டையே இடித்தவர், குளத்துக்கு அனுமதி கொடுத்த நல்லவராகக் கதையை விட்டு வெளியேறுகிறார்.

பெயரையும் பாருங்கள். ஆயி என்பது தாயைக் குறிக்கும் சொல். வீட்டோடு இருந்தவரை அவள் தாசி. வீட்டை இழந்து ஊருக்குத் தண்ணீர் கொடுத்தபின் தாய்.

தாசி என்ற சொல்லை அந்தக் கதை சொல்லும் விதத்திலும் ஒரு மறதி இருக்கிறது. வீடு வைத்திருப்பதே குற்றம் என்பதுபோல் அது பேசுகிறது. ஆனால் தமிழ்க் கல்வெட்டுகள் வேறு ஒன்றைக் காட்டுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியலிடுகிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், என்ன பெயர் என்று ஒவ்வொருத்திக்கும் எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, நூறு கலம் நெல். அந்தப் பெண்கள் விருப்பத்தோடு வந்தார்களா, இடம்பெயர்த்துக் கொண்டுவரப்பட்டார்களா என்பதை அந்தக் கல் பேசாது. பொற்காலம் என்று நான் அதைச் சொல்லப்போவதில்லை. ஆனால் வீடும் பெயரும் சேர்ந்து கல்லில் இருக்கின்றன. ராஜேந்திரனின் அணுக்கி பரவை நங்கை திருவாரூர்க் கோயிலுக்குப் பொன் கொடுத்ததும் கல்லில் இருக்கிறது. லெஸ்லி ஓர் 2000இல் வெளியிட்ட ஆய்வு நூல், சோழர் காலக் கோயில் பெண்கள் கொடையாளர்களாக எவ்வளவு அழுத்தமாகக் கல்வெட்டுகளில் நிற்கிறார்கள் என்பதைக் காட்டியது. சொத்து இருந்ததால் கொடுத்தார்கள், கொடுத்ததால் பெயர் நின்றது. ஆயி கதையில் கொடுப்பதற்கு முன்பே சொத்து பறிபோய்விட்டது.

திரும்பி வரும் வழியில் மாணவிகள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு 1986ஆம் ஆண்டின் ஒரு பகல்பொழுது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

தாத்தா ஆவடியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் குமணன்சாவடியில் ஒரு வீடு கட்டியிருந்தார். உயில் எழுதாமல் 1984இல் இறந்துபோனார். இரண்டு மாமாக்கள், அம்மா, சித்தி. இரண்டு ஆண்டு கழித்து மாமாக்கள் வீட்டைப் பிரித்துக்கொள்ள முடிவெடுத்தபோது, அம்மாவையும் சித்தியையும் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். நானும் அம்மாவின் இடுப்பை ஒட்டிக்கொண்டு போனேன். எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அம்மா விரலில் மை இருந்தது. திரும்பி வரும்போது அம்மா கையில் ஒரு பட்டுப்புடவைப் பெட்டி. அன்று எழுதப்பட்டதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. யாருக்கு எதிலிருந்து விடுதலை என்று இன்றைக்கும் அந்தச் சொல்லைப் பார்த்தால் கேட்கத் தோன்றும்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த தாத்தாவின் சுயசம்பாத்தியத்தில் அம்மாவுக்கு மாமாக்களுக்குச் சமமான பங்கு உண்டு. ஆனால் அதே சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீடு என்றால், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு தன் பங்கைப் பிரித்துக் கேட்க முடியாது. திருமணமாகாத, விதவையான, கணவனால் கைவிடப்பட்ட அல்லது பிரிந்து வாழும் மகளுக்கு அந்த வீட்டில் தங்கும் உரிமை மட்டும் உண்டு. நிலத்துக்கு இல்லாத இந்தத் தடை வீட்டுக்கு மட்டும் இருந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதை நீக்கியது. இடையில் 1989இல் தமிழ்நாடு, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களைப் பங்காளிகளாக ஆக்கிய சட்டமும், அதற்கு முன்பே திருமணமான மகள்களை வெளியே நிறுத்தியது. ஆக, மாமாக்கள் பிரிக்கலாம் என்று முடிவெடுத்த நாளில்தான் அம்மாவின் பங்கு கேட்கக்கூடிய பங்காக ஆனது. கேட்கும் முன்பே எழுதி வாங்கிவிட்டார்கள்.

எங்கள் உறவில் இந்தக் கதையை எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? “அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் மனசார விட்டுக்கொடுத்தாங்க, தங்கமான பொண்ணுங்க.” கல்யாண வீடுகளில் மாமா இதை நாலு பேர் முன்னால் சொல்லும்போது அம்மா சிரிப்பார். ஆயி மண்டபத்துக்கு வெள்ளை அடிப்பதுபோல் ஆண்டுதோறும் அந்தப் பாராட்டைப் புதுப்பிக்கிறார்கள்.

இந்த இடத்தில் பிரெஞ்சுப் புதுச்சேரி எனக்கு இன்னொன்றையும் காட்டியது. 1881 செப்டம்பர் 21ஆம் தேதிய ஆணை ஒன்று, பிரெஞ்சு இந்தியாவின் மக்கள் தங்கள் மத, சாதி வழக்கச் சட்டத்தைக் கைவிட்டு, பிரெஞ்சு உரிமைச் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது. ஒரு கையெழுத்துப் போதும். திரும்பப் பெற முடியாது. செருப்பணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காக 1873இல் தண்டம் விதிக்கப்பட்டு, பாரிஸ்வரை வழக்காடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை இதில் முன்னால் நின்றவர். லப்போர்த் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். தலித்துகளும் கிறித்தவர்களும் பெருமளவில் சேர்ந்தார்கள். சாதியைக் கைவிடும் கையெழுத்தாகத்தான் இதை வரலாறு பேசுகிறது. ஆனால் அந்தப் பிரெஞ்சுச் சட்டத்தில் பிள்ளைகள் என்றால் ஆண், பெண் இருவருமே, பங்கு சமம். ஆக, அப்பா போட்ட ஒரு கையெழுத்தால் மகளுக்கும் சமபங்கு வந்தது. அதற்காக அந்தச் சட்டத்தைத் தலையில் தூக்கிவைக்க வேண்டியதில்லை. கணவனுக்கு மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று 213ஆம் பிரிவில் எழுதிவைத்திருந்ததும் அதே சட்டம்தான். மகளுக்குத் திறந்ததை மனைவிக்கு மூடியது. ஆனாலும், நூறு ஆண்டுகளுக்குப் பின் பூந்தமல்லிப் பக்கத்தில் என் அம்மா போட்டது எதிர்த்திசைக் கையெழுத்து என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இப்படியெல்லாம் சேர்த்துப் பார்த்தபின், ஒரு நகரத்தின் புகழ்பெற்ற இடங்களைப் பார்க்கும் என் பழக்கம் மாறிவிட்டது. யார் கட்டினார்கள், எந்த ஆண்டு, என்ன பாணி என்று கேட்பதோடு, அதற்காக யார் எதை விட்டார்கள் என்றும் கேட்கிறேன். மாணவிகளுக்கும் அதையே வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறேன்: உங்கள் தெருவில் ஒரு பெண் விட்டுக்கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். அவளிடமே போய்க் கேளுங்கள். உயிரோடு இல்லையென்றால், அவளைப் பற்றி யார், எப்போது, எதற்காகச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். சென்ற ஆண்டு வந்த முப்பத்தெட்டுத் தாள்களில் பதினொன்றில் விடுதலைப் பத்திரம் இருந்தது. மற்றவற்றில் படிப்பு, நகை, வேலை, ஒரு தையல் இயந்திரம்.

சுற்றுலாவிலிருந்து வந்த இரவு அம்மா தூங்காமல் காத்திருந்தார். தண்ணீர் லாரி வரும் நாள். செம்பரம்பாக்கம் ஏரி எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் நீர் சென்னைக்குப் போகிறது. எங்கள் தெருவுக்கு லாரி எப்போது வரும் என்பது ஓட்டுநருக்கே வெளிச்சம். வரிசையில் குடங்கள் இருந்தன, குடங்களுக்குப் பக்கத்தில் பெண்கள் இருந்தார்கள். வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் ஆயியின் கதையைச் சொன்னேன். அரசன் கும்பிட்டதைச் சொன்னபோது சிரித்தார். குளம் வெட்டியதைச் சொன்னபோது தலையை ஆட்டினார். மண்டபத்தின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

“நீ மனசாரத்தான் கையெழுத்துப் போட்டியாம்மா?” என்று கேட்டேன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. நான் அதுவரை கேட்டதில்லை.

“கேட்டாங்க, போட்டேன். வேணுமான்னு யாரும் கேக்கலையே.”

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். தெருமுனையில் லாரியின் சத்தம் கேட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவர், எதையோ நினைத்துக்கொண்டு நின்றார்.

“ஏண்டி, வீட்ட இடிச்சிட்டு அவ எங்க போய்த் தங்குனா?”

கதையில் அது இல்லை என்றேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டு வரிசைக்குப் போனார்.